வீடும் வாகனமும்: புதுக்கோட்டைக் கடற்கரையில் குடியிருப்பின் வரலாறு



புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்தது 1974-ஆம் ஆண்டில்தான் என்று சொன்னால் இளைய தலைமுறையினர் வியப்படையக்கூடும். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்திற்குக் கடற்கரை கிடையாது. 1948 மார்ச் 3 அன்று அந்தச் சமஸ்தானம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. அறந்தாங்கிப் பகுதியும் அதற்குக் கிழக்கேயுள்ள கடலோர ஊர்களும் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் முதலான ஊர்கள் அடங்கிய ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் கடற்கரை இம்மாவட்டத்திற்கு உரியதாயிற்று.

மாவட்டத்தின் தலைநகருக்கும் இக்கடற்கரைக்கும் இடையே அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் உண்டு. கடலோர ஊர்களில் பணிபுரிய வரும் ஆசிரியர்கள், செவிலியர்கள், படகு எஞ்சின் பழுது பார்ப்பவர்கள், கடை ஊழியர்கள், பள்ளிவாசல் இமாம்கள் ஆகிய அனைவரும் ஒரே கேள்வியோடுதான் வருகின்றனர். கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு வீடு கிடைக்குமா? அங்கிருந்து சைக்கிளிலோ பைக்கிலோ வேலைக்குப் போய்வர முடியுமா?

இக்கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் நம் மாவட்டத்துப் பெண்கள் 1991, 1992 ஆண்டுகளில் எழுதிய அத்தியாயம் உலகம் அறிந்தது. நம் பிள்ளைகளில் பலர் அதை அறியாமலிருப்பதால் அதனைச் சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

காலடி எட்டிய தூரமே ஊர்

"பட்டினம்" என முடியும் ஊர்ப் பெயர்கள் நம் கடற்கரையில் வரிசையாக உள்ளன. கடல்வழி வணிகம் நடந்த ஊர்களைப் பட்டினம் என்றழைப்பது தமிழ் மரபு. தோணித் தொழிலும் மீன்பிடியும் நடந்த இவ்வூர்களில் வீடுகள் கடற்கரையை ஒட்டியும் பள்ளிவாசலைச் சுற்றியும் நெருக்கமாக எழுந்தன. அதற்குக் காரணம் எளியது. விடியலுக்கு முன் கடலுக்குப் போகிறவரும், கரைக்கு வந்த மீனை வெயிலேறுமுன் விற்றாக வேண்டியவரும் நடந்தே சென்றாக வேண்டியிருந்தது. எனவே எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு தூரத்திற்குள் வீடு இருக்க வேண்டியதாயிற்று.

இதனால் கரையை ஒட்டிய மனைக்கு மதிப்பு கூடியது. வசதியற்றவர் ஒரு வீட்டின் திண்ணையிலோ பின்கட்டிலோ ஒண்டுக்குடித்தனம் இருந்தார்; அல்லது ஊரைவிட்டுத் தள்ளிக் குடிசை போட்டு, நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்தார். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும், 1970-களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்கும் நம்மவர்கள் பொருள் தேடிச் சென்றபோது, கரையோரத்தில் கல் வீடுகளும் மாடி வீடுகளும் பெருகின. ஆயினும் வீடில்லாதவரின் நிலை பெரிதாக மாறவில்லை. அவர் எங்கே வசிக்கலாம் என்பதை அவருடைய கால்களே தீர்மானித்தன.

மதீனாவிலும் இதே கேள்வி

வீட்டுக்கும் செல்லுமிடத்துக்கும் இடையிலான தூரம் முதல் தலைமுறை முஸ்லிம்களின் வாழ்விலும் பேசப்பட்ட செய்திதான். மஸ்ஜிதுந் நபவியிலிருந்து வெகுதொலைவில் வசித்த பனூ ஸலிமா குலத்தார், பள்ளிவாசலுக்கு அருகே இடம் காலியானபோது அங்கே குடிபெயர விரும்பினர். உங்கள் இருப்பிடத்திலேயே இருங்கள், உங்கள் காலடித் தடங்கள் நன்மையாகப் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு ஆறுதல் கூறினார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தியில், பள்ளிவாசலிலிருந்து மிகத் தொலைவில் வசித்த ஒருவரிடம், இருளிலும் வெயிலிலும் ஏறிவர ஒரு கழுதையை வாங்கிக்கொள்ளலாமே என்று தோழர்கள் யோசனை கூறுகின்றனர். அவரோ நடந்து வருவதன் நன்மையையே விரும்பினார்.

உமர் (ரலி) அவர்களும் மதீனாவின் புறப்பகுதியான அவாலியில்தான் வசித்தார்கள். அவர்களும் அண்டை வீட்டாரான ஓர் அன்ஸாரித் தோழரும் முறை வைத்துக்கொண்டு, ஒருநாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என நபியவர்களின் சபைக்குச் சென்று, அன்றைய செய்திகளைத் திரும்பி வந்து மற்றவருக்குச் சொல்வார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஒருவர் போய்வரும் நாளில் மற்றவர் தம் தோட்ட வேலையையும் குடும்பப் பணிகளையும் கவனிக்க முடிந்தது. தூரம் என்னும் சிரமத்திற்கு அவர்கள் கண்ட தீர்வு, நல்ல அண்டை வீட்டாரோடு செய்துகொண்ட ஏற்பாடு.

விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், இதமான வாகனம் ஆகிய மூன்றும் ஒரு மனிதனின் நற்பேறுகள் எனும் கருத்துள்ள நபிமொழியை உலமாக்கள் அடிக்கடி எடுத்துரைப்பர். இந்த மூன்றும் ஒன்றாகக் கூறப்பட்டிருப்பது கவனத்திற்குரியது. ஃபிக்ஹு நூல்களில் "இஜாரா" எனும் வாடகைச் சட்டப் பாடத்தைத் திறந்தாலும் வீட்டை வாடகைக்கு விடுவதும் சவாரிப் பிராணியை வாடகைக்கு விடுவதும் அடுத்தடுத்து வரும். நம் தமிழிலும் வீட்டுக்குக் கொடுப்பதும் வாடகை, சைக்கிளுக்குக் கொடுப்பதும் வாடகை. வீட்டின் செலவை வாகனத்தின் செலவிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

சைக்கிள் வந்தது

இன்று நாம் காணும் வடிவிலான சைக்கிள், ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1885-இல் உருவாக்கிய ரோவர் சைக்கிளின் வழிவந்தது. அதுவரை குதிரையோ வண்டியோ வைத்திருந்தவருக்கே கிட்டிய வேகம், அதன்பின் உழைப்பாளிகளுக்கும் கிட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. அந்தோணி, பெண்களின் விடுதலைக்குச் சைக்கிள் ஆற்றிய தொண்டை 1896-ஆம் ஆண்டிலேயே புகழ்ந்து பேசினார்.

நம் நாட்டில் நெடுங்காலம் இங்கிலாந்திலிருந்து வந்த சைக்கிள்களே ஓடின. 1949-இல் முருகப்பா குழுமத்தினர் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தயாரான சைக்கிள்கள் தமிழகக் கிராமங்களுக்கு வந்தன. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடைகள் துணைநின்றன. நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் அக்கடைகள் நினைவிருக்கும். மணிக்கணக்கில் வாடகை, நோட்டில் பெயரும் நேரமும், சக்கரத்தின் மட்கார்டில் வண்ணத்தில் எழுதிய எண்.

இதனால் ஆண்களின் உலகம் விரிந்தது. மணமேல்குடியில் வேலை பார்ப்பவர் அம்மாபட்டினத்தில் குடியிருக்கலாம். ஜெகதாப்பட்டினத்துக் கரைக்கு மீன் எடுக்கப் போகிறவர் கோட்டைப்பட்டினத்தில் வசிக்கலாம் என்றாயிற்று. மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்குச் சென்று விற்கும் வியாபாரிகள் பெருகினர். பெண்களுக்கோ இந்த வசதி கிட்டவில்லை. அவர்கள் தலைச்சுமையோடு நடந்தனர். அல்லது நாளைக்கு ஓரிரு முறை வரும் பேருந்துக்காகக் காத்திருந்தனர். சைக்கிள் ஓட்டும் பெண்ணைக் கேலி செய்யும் வழக்கம் எல்லாச் சமூகத்தாரிடமும் இருந்தது.

1991: அறிவொளியும் சைக்கிளும்

இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாகக் கேரளத்தின் எர்ணாகுளம் 1990-இல் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து தமிழகத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அது பெரும் மக்கள் இயக்கமாக உருவெடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

இயக்கத்தின் தொண்டர்களில் பெண்கள் மிகுதி. மாலையில் நடக்கும் வகுப்புகளுக்காக அவர்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்தை நம்பி இப்பணியைச் செய்ய இயலாது. எழுத்துக் கற்கும் பெண் அடுத்த ஊருக்குத் தானாகப் போகவும் கற்க வேண்டும் எனக் கருதிய ஆட்சியர், சைக்கிள் பயிற்சியை அறிவொளியின் ஒரு பகுதியாக்கினார். தொண்டர்கள் சைக்கிள் வாங்குவதற்கு வங்கிக் கடன் கிடைக்க வழி செய்யப்பட்டது. ஒவ்வோர் ஒன்றியத்திலும் பயிற்சி முகாம்கள் நடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் திடல்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் சைக்கிள் பிடித்துக் கற்றுக்கொடுத்தனர். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளையொட்டிப் பெண்கள் 1,500-க்கும் மேற்பட்டோர் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் பேரணி நடத்தினர்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத், இந்தியாவின் ஏழை மாவட்டங்களைப் பற்றி 1996-இல் வெளியிட்ட நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். ஒன்றரை ஆண்டு காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர் என்றும், பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளை நீக்கிப் பார்த்தால் மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நால்வரில் ஒருவர் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவராயினர் என்றும் அவர் எழுதுகிறார். மகளிர் சைக்கிள்கள் கடைகளில் தீர்ந்துபோயின. கிடைத்த ஆண்கள் சைக்கிளையே பெண்கள் வாங்கினர். அதன் முன்புறக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு.

அந்தப் பதிவில் நம் சமுதாயத்துப் பெண்களும் இருக்கின்றனர். மிகக் கட்டுப்பாடான சூழலில் வளர்ந்த இளம் முஸ்லிம் பெண்கள் சைக்கிளில் சென்றதை ஆசிரியர் வியப்போடு குறிப்பிடுகிறார். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒரு சைக்கிளின் விலை அப்போது 1,200 ரூபாய்க்கும் மேல். அதை வாங்க வசதியில்லாமல் அவர் நாள்தோறும் மாலையில் அரைமணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டினார். இனிப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இளம்பெண்கள் பலரின் மகிழ்ச்சியாக இருந்தது. தொடக்கத்தில் அவர்கள் பட்ட ஏச்சும் கேலியும் சிறிதல்ல. அவர்கள் பொருட்படுத்தவில்லை.

பெண் வாகனம் ஓட்டுவது நமக்குப் புதிதா?

அந்நாளில் நம் ஊர்களில் எழுந்த கேள்வி, பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டுவது முறையா என்பது. மார்க்கத்தின் வரலாற்றை அறிந்தவர்க்கு இக்கேள்வி பெரிதாகத் தோன்றாது. ஒட்டகத்தில் பயணிக்கும் பெண்களில் குறைஷிப் பெண்கள் சிறந்தவர்கள், அவர்கள் குழந்தைகளிடம் பரிவும் கணவரின் பொருளில் பொறுப்பும் மிக்கவர்கள் என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. வாகனத்தில் ஏறுவதும் குடும்பப் பொறுப்பும் ஒரே பாராட்டில் இடம்பெறுகின்றன.

கடலோர மக்களாகிய நமக்கு உம்மு ஹராம் (ரலி) அவர்களின் வரலாறு மேலும் நெருக்கமானது. கடலில் பயணம் செய்யும் படையினரில் தாமும் ஒருவராக இருக்க வேண்டுமென அவர்கள் நபியவர்களிடம் துஆச் செய்யக் கேட்டார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் சைப்ரஸ் தீவுக்குச் சென்ற படையோடு அவர்கள் கடல் கடந்தார்கள். கரையிறங்கிய பின் வாகனத்திலிருந்து விழுந்து மரணமடைந்தார்கள். அத்தீவின் லார்னகா நகருக்கு அருகே அவர்களின் அடக்கத்தலம் இன்றும் உள்ளது. கண்ணியமான உடையும் பாதுகாப்பான வழியும் நாம் வலியுறுத்த வேண்டியவையே. வாகனம் ஏறுவதையே குறையாகப் பேசுவதற்கு இவ்வரலாறு இடம் தரவில்லை.

வட்டம் விரிந்தது

1992-க்குப் பின் நிகழ்ந்த மாற்றத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒருவர் அரைமணி நேரத்தில் இரண்டரைக் கிலோமீட்டர் நடப்பார். அதே அரைமணி நேரத்தில் சைக்கிளில் ஏழெட்டுக் கிலோமீட்டர் செல்லலாம். தூரம் மும்மடங்கானால், சுற்றிலும் சென்றெட்டக்கூடிய பரப்பு ஒன்பது மடங்காகும். கடற்கரையில் ஒருபுறம் கடல் என்பதால் வட்டம் பாதியாகிவிடும். ஆயினும் விகிதம் அதேதான். வீடு தேடும் குடும்பத்திற்குத் தெரிவுகள் அவ்வளவு பெருகுகின்றன. தெரிவு பெருகும்போது, கரையோரத்து ஒரு தெருவில் கேட்கும் வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தளர்கிறது.

கணவர் மட்டும் சைக்கிள் ஓட்டத் தெரிந்த வீட்டில், கணவரின் வேலையிடத்தை மட்டும் வைத்து வீடு பார்ப்பார்கள். மனைவி ஆசிரியையாகவோ செவிலியராகவோ இருந்தால் வேலையை விட நேரும். மனைவிக்கும் வாகனம் கைவந்த வீட்டில் இருவரின் வேலையிடங்களுக்கும் நடுவே ஓர் ஊரைத் தெரிவு செய்ய முடியும். சைக்கிள் கற்ற பெண்களின் நற்பயனை வருமானத்தில் மட்டும் காண்பது போதாது. குடும்பம் எங்கே குடியிருக்கலாம் என்ற முடிவிலும் அது சேர்ந்தது.

பிற்காலத்தில் அரசின் இலவச சைக்கிள் திட்டத்தால் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் பல ஊர்களிலிருந்து சைக்கிளில் பள்ளி செல்வது இயல்பாயிற்று. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கிழக்குக் கடற்கரைச் சாலை நம் பட்டினங்களை ஒன்றோடொன்று இணைத்து நிற்கிறது. அச்சாலையில் விரையும் வாகனங்களால் சைக்கிளுக்கு ஆபத்து மிகுந்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் பலர் மொபெட்டுக்கும் பைக்குக்கும் மாறிவிட்டனர். அப்போது பெட்ரோலும் வாடகையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இன்று வீடு தேடுவோர்க்கு

ஒரு கணக்கைப் பார்ப்போம். வேலை செய்யும் ஊரில் வீட்டு வாடகை 6,000 ரூபாய். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள கடலோர ஊரில் 3,500 ரூபாய் என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 24 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாட்களுக்கு 624 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கு ஏறத்தாழ பன்னிரண்டரை லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் நூறு ரூபாய் என்றால் 1,250 ரூபாய் செலவு. வாடகையில் 2,500 ரூபாய் மிச்சம் என்று தோன்றினாலும் உண்மையில் மிஞ்சுவது அதில் பாதியே. டயர், ஆயில், பழுது ஆகியவற்றைச் சேர்த்தால் இன்னும் குறையும். வீடு ஆறேழு கிலோமீட்டருக்குள் அமைந்து, ஊர்ச் சாலை வழியே சைக்கிளில் போய்வர முடியுமானால் அந்த மிச்சம் முழுவதும் குடும்பத்திற்கே சேரும்.

கடலோர வீட்டுக்கென்று சில தனிக் கவனங்களும் உண்டு. கிணற்று நீரோ ஆழ்குழாய் நீரோ உப்புக் கரிக்கிறதா, குடிநீர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது என்று அண்டை வீட்டுப் பெண்களிடம் விசாரிக்க வேண்டும். உப்புக் காற்றால் கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பி துருப்பிடித்து, கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். மேலே நிமிர்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல் நம் மாவட்டத்து ஓட்டு வீடுகளையும் தென்னைகளையும் எப்படிச் சாய்த்தது என்பதை மறந்தவர் எவருமிலர். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் நீர் தேங்குமா என்று கேட்டறிவதும் அவசியம்.

கடல் தொழிலை நம்பியவர்க்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்திற்கு அது தேவையானது. ஆனால் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகில் கூலிக்குச் செல்வோருக்கும், ஐஸ் உடைப்போருக்கும், மீன் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் அந்த இரண்டு மாதமும் வருமானம் அடைபடும். வாடகை மட்டும் அடைபடுவதில்லை. அதனால் ஆண்டு வாடகையைப் பத்து மாத வருமானத்தில் பங்கிட்டுப் பார்த்தே வீடு பிடிக்க வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் இதை முதலிலேயே மனம்விட்டுப் பேசித் தவணை வைத்துக்கொள்வது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

வாடகையில் நீதம்

இஜாரா ஒப்பந்தத்தில் வாடகைத் தொகை, காலம், பயன்பாடு ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. சாவியை ஒப்படைப்பதும் குடியிருக்கத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. பழுதைச் சரிசெய்ய அவர் முன்வராவிடில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. குடியிருப்பவரின் கையில் வீடு ஓர் அமானிதம். அவருடைய அலட்சியத்தால் நேர்ந்த சேதத்திற்கு அவர் பொறுப்பாளி; உப்புக் காற்றில் உதிர்ந்த பூச்சுக்கு அவரிடம் பணம் பிடிப்பது நீதமன்று.

மாத வாடகை கொடுக்க இயலாதவர்கள் பெருந்தொகையைக் கொடுத்து வீட்டை "ஒத்தி"க்கு எடுப்பது நம் ஊர்களில் பரவலாக உள்ளது. கொடுத்த பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். அதுவரை வாடகையின்றி வீட்டில் வாழலாம். பணம் கடனாகவும் வீட்டின் பயன் அக்கடனுக்குக் கிடைத்த ஆதாயமாகவும் ஆகிவிடுவதால் உலமாக்கள் பலர் இதை வட்டியோடு சேர்த்துத் தடுக்கின்றனர். தடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. நியாயமான மாத வாடகைக்கு வீடு கிடைத்தால் ஒத்தியின் பக்கம் போகும் தேவையே பலருக்கு எழாது.

நாட்டுச் சட்டமும் இதில் அக்கறை காட்டியுள்ளது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், நகர்ப்புறங்களில் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. மாறான ஒப்பந்தம் இல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சக் கூடாதெனவும் கூறுகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகரா நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆகவே கிராமமாயினும் நகரமாயினும் ஒரு தாளில் எழுதி இரு சாட்சிகளோடு கையொப்பமிடுவது நமக்குப் புதிய பழக்கமாக இருக்கத் தேவையில்லை.

பூட்டிய வீடுகளும் திறந்த சாலையும்

நம் கடலோர ஊர்களில் ஒரு முரணைக் காண்கிறோம். குடும்பத்தோடு வெளிநாட்டிலோ சென்னையிலோ வசிப்பவர்களின் வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. அதே ஊரின் மக்தபில் ஓதிக்கொடுக்க வரும் ஆசிரியரோ, ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியரோ வீடு கிடைக்காமல் தொலைவிலிருந்து வந்துபோகின்றனர். பூட்டி வைத்த வீட்டை உப்புக் காற்று விரைவில் தின்றுவிடும். மனிதர் புழங்கும் வீடு ஜன்னல் திறந்து, கூட்டிப் பெருக்கி, சிறு பழுதுகள் உடனுக்குடன் கவனிக்கப்பட்டு நீண்டகாலம் நிற்கும். குடியிருப்பவர் திரும்பத் தரமாட்டாரோ என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. ஜமாஅத் நிர்வாகம் இடையில் நின்று, எழுத்து ஒப்பந்தத்திற்குச் சாட்சியாகி, குறித்த காலத்தில் வீட்டை மீட்டுத் தரும் பொறுப்பை ஏற்றால் அந்த அச்சம் தணியும். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் வாடகை வீடுகளின் பட்டியலை எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

வெளியூர்க்காரர், வேறு சமூகத்தார் என்ற காரணத்திற்காக மட்டும் வீடு மறுப்பதையும் நாம் கைவிட வேண்டும். பெருநகரங்களில் முஸ்லிம் என்பதற்காக வீடு மறுக்கப்படும் வேதனையை நம் பிள்ளைகள் அனுபவித்து வந்து சொல்லும்போது நாம் மனம் நோகிறோம். அதே நோவை நம் ஊருக்குப் பிழைக்க வந்தவருக்கு நாம் கொடுக்கலாகாது. மக்காவிலிருந்து கையில் பொருளின்றி வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்ஸாரிகள் தம் வீடுகளில் ஏற்றனர். நபி (ஸல்) அவர்களே மதீனா வந்தடைந்ததும், பள்ளிவாசலும் அறைகளும் கட்டி முடியும்வரை அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில்தான் தங்கினார்கள்.

அடுத்து, நம் பெண்பிள்ளைகளின் வாகனம். முப்பதாண்டுகளுக்கு முன் ஒரு லட்சம் பெண்கள் கற்ற மாவட்டம் இது. அன்று அரைமணி நேரத்திற்குச் சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஓட்டிய ஆசிரியையின் மாணவியருக்கே இன்று பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். அப்பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் மதரஸா திடலிலோ பள்ளி மைதானத்திலோ பெண்களே பெண்களுக்குச் சைக்கிள் கற்பிக்க ஏற்பாடு செய்வது ஜமாஅத்துகளால் எளிதில் ஆகக்கூடியது. அவ்வாறு கற்ற பெண் நாளை வேலைக்குச் செல்லும்போதும், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போதும், வயதான தாயை மருத்துவமனையில் பார்த்து வரும்போதும் யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டியிராது. அவளது குடும்பம் வாடகை வீடு தேடும்போதும் இன்னும் சில ஊர்களைச் சேர்த்துப் பார்க்க இயலும்.

வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள தூரத்தை எளிதாக்குவது ஆட்சியாளரின் கடமை மட்டுமன்று. வீடு வைத்திருப்பவர், வீடு தேடுபவர், அண்டை வீட்டார், ஜமாஅத்தார் ஆகிய அனைவருக்கும் அதில் பங்குண்டு. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் விசாலமான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் இதமான வாகனத்தையும் தந்தருள்வானாக. வீடில்லாதோர்க்கு நம் கைகளால் வழி திறக்கச் செய்வானாக. ஆமீன்.